அவர்களைப் பாவிகள் என்று யார் சொன்னது? வன்னித் திருச்சபைகளுக்கு ஒரு திறந்த மடல்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா மாவட்டங்களில் பணி செய்யும் பங்குத்தந்தையர்களுக்கும், தென்னிந்திய திருச்சபை, மெதடிஸ்த திருச்சபைப் போதகர்களுக்கும், சுயாதீன சபைகளின் பாஸ்டர்மாருக்கும், மூப்பர்களுக்கும், அன்பியப் பொறுப்பாளர்களுக்கும், வீட்டுக் கூட்டங்களை நடத்தும் அக்காமாருக்கும்,

கிறிஸ்துவுக்குள் அன்பான வணக்கம்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். நமது கோயில்களிலிருந்தும் சபைகளிலிருந்தும் பெண்கள் பலர் சத்தமில்லாமல் விலகிப் போய்க்கொண்டிருக்கிறார்கள். யாரோடும் சண்டை பிடிக்கவில்லை. வேறு மதத்துக்கும் போகவில்லை. முதலில் அன்பியக் கூட்டத்துக்கு, அயல் வீட்டார் கூடிச் செபிக்கும் அந்தச் சிறு கூட்டத்துக்கு, வருவதை நிறுத்துகிறார்கள். பிறகு பூசைக்குப் பிந்தி வந்து, கடைசி வாங்கில் இருந்து, முடிய முன்னமே எழும்பிப் போகிறார்கள். அப்புறம் திருவிழாவுக்கு மட்டும். கடைசியில் அதுவும் இல்லை. கேட்டால் "வேலை" என்கிறார்கள்.

நான் பல வருடமாக மறைக்கல்வி படிப்பிக்கிறேன். வகுப்புக்கு வராத பிள்ளைகளைத் தேடி வீட்டுக்குப் போகும்போது தாய்மாரோடு கதைக்க நேரிடும். அந்த வீடுகளில் திரு இருதய ஆண்டவர் படமும் மடு மாதா படமும் மாட்டிய இடத்திலேயே இருக்கின்றன. விளக்கும் எரிகிறது. செபமாலை ஆணியில் தொங்குகிறது, தூசி பிடிக்காமல். கடவுளை அவர்கள் விடவில்லை. நம்மை விட்டுத்தான் போகிறார்கள்.

அவர்கள் யார் என்று உங்களுக்குத் தெரியும். 2009 மே மாதம் வட்டுவாகலில் புருஷனை ஆமியிடம் ஒப்படைத்துவிட்டு இன்றுவரை பதில் கிடைக்காதவள். விடுதலைப் புலிகள் இயக்கத்தில் இருந்து, தடுப்புக்குப் போய், புனர்வாழ்வு முடித்து வந்து, "உள்ளுக்குள் என்ன நடந்ததோ" என்ற ஊர்க்கதையைச் சுமந்துகொண்டே இளமையைக் கழித்தவள். செல் துண்டை இன்னும் முதுகுக்குள் வைத்துக்கொண்டு கூலி வேலைக்குப் போகிறவள். பிள்ளைகளோடு தனித்துப்போய், ஆதரவாய்ப் பேசிய ஒருவனை நம்பி, அவனும் விட்டுப்போக, இன்னொரு கைக்குழந்தையோடு நிற்பவள். கிழமைக் கடன்காரரின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் பின்வளவால் ஓடுகிறவள். இவர்களில் ஒருத்தியாவது இல்லாத பங்கோ சபையோ வன்னியில் இருக்குமா? இவர்களைப் பற்றி நாம் என்ன பேசுகிறோம், இவர்களை எப்படி நடத்துகிறோம் என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

முதலில் பிரசங்கம். 2009இல் யுத்தம் முடிந்த முள்ளிவாய்க்காலில் நடந்தது நமது பாவத்துக்குக் கிடைத்த தண்டனை என்ற பேச்சை, செட்டிகுளம் மெனிக் பாம் அகதி முகாமின் தறப்பாள் கொட்டில்களிலேயே கேட்டவர்கள் இருக்கிறார்கள். 2 இலட்சத்துக்கும் அதிகமான சனம் முள்ளுக்கம்பிக்குள் தண்ணீருக்கு வரிசையில் நின்ற நேரம் அது. இன்றும் அந்தப் பேச்சு ஓயவில்லை, உருவம்தான் மாறியிருக்கிறது. "கர்த்தரைத் தேடாத சனம், அதுதான் இந்த அழிவு" என்பார்கள். "உங்கள் குடும்பத்தில் ஏதோ சாபம் இருக்கிறது" என்று பிள்ளையைப் பங்கருக்குள் பறிகொடுத்த தாயிடமே சொல்வார்கள். கத்தோலிக்கப் பிரசங்கங்களில் இப்படி வெளிப்படையாகச் சொல்வது குறைவு. ஆனால் பூசை முடிந்து மரத்தடியில் கூடி நிற்கும்போது வருகிற கதை ஒன்றும் வித்தியாசமில்லை.

இதே கதையை இயேசுவிடமும் கொண்டுபோனார்கள். லூக்கா 13ஆம் அதிகாரத்தைத் தயவுசெய்து இன்னொரு முறை எடுத்து வாசியுங்கள். பலி செலுத்திக்கொண்டிருந்த கலிலேயரைப் பிலாத்து கொன்று, அவர்களுடைய இரத்தத்தைப் பலிகளோடு கலந்தான். ஆளும் அரசின் ஆயுதம், வழிபட வந்த சனம். வன்னியில் யாருக்கும் இதை விளக்கத் தேவையில்லை. "மற்ற எல்லாக் கலிலேயரைப்பார்க்கிலும் அவர்கள் பாவிகளாயிருந்தார்களென்று நினைக்கிறீர்களோ?" என்று ஆண்டவர் கேட்டார். பதிலை அவர்கள் வாயிலிருந்து எதிர்பார்த்து நிற்கவில்லை. "அப்படியல்லவென்று உங்களுக்குச் சொல்லுகிறேன்" என்று தாமே சொன்னார். பிறகு சீலோவாமில் கோபுரம் விழுந்து செத்த 18 பேரின் கதையை ஒருவரும் கேட்காமலே எடுத்து, அதே பதிலை இரண்டாம் தரமும் சொன்னார். "நீங்கள் மனந்திரும்பாமற்போனால்" என்ற வசனமும் அங்கே இருக்கிறது, நான் மறைக்கவில்லை. அது யாரைப் பார்த்துச் சொல்லப்பட்டது என்பதைப் பாருங்கள். செத்தவர்களின் கதையைக் கொண்டுவந்து, சுகமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து.

1999 நவம்பர் 20ஆம் திகதி இரவு மடுத் திருத்தல வளவுக்குள் செல் விழுந்து, அங்கே அடைக்கலம் தேடி வந்திருந்த 40 பேர் வரையில் செத்தார்கள். மாதாவின் காலடி என்று நம்பி வந்தவர்கள். அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகளா? அந்தச் சவப்பெட்டிகளுக்கு முன்னால் நின்று அப்படிச் சொல்ல உங்களில் ஒருவருக்கும் நா எழும்பியிருக்காது. பத்து வருடம் கழித்து அதே மாதிரிச் செத்தவர்களைப் பற்றி மட்டும் எப்படிச் சொல்ல முடிகிறது?

எனக்கு இவ்வளவு ஆதங்கம் வருவதற்குக் காரணம் இருக்கிறது. நமது திருச்சபையின் வேர் இப்படிப்பட்டதல்ல. மடுத் திருத்தலமே ஓடிவந்தவர்களால் உண்டானது. 1670இல் ஒல்லாந்தரின் கெடுபிடிக்குத் தப்பி, மாந்தையிலிருந்து 20 குடும்பங்கள் வரையில் சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் வந்தார்கள். அன்றிலிருந்து அது ஓடிவருகிறவர்களின் இடம்தான். யுத்த காலத்தில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அந்தக் காட்டு மரங்களுக்குக் கீழே வருடக்கணக்கில் இருந்தன. சைவர்களும் இருந்தார்கள், கத்தோலிக்கரும் இருந்தார்கள். நீ யார், எப்படி நடந்தாய் என்று விசாரித்துவிட்டு ஒருவருக்கும் கஞ்சி ஊற்றவில்லை. 2008 ஏப்ரலில் சண்டை வாசலுக்கு வந்தபோது அந்தச் சொரூபமே சனத்தைப் போல இடம்பெயர்ந்து தேவன்பிட்டிக்குப் போனது.

அதே ஏப்ரல் 20ஆம் திகதி, ஞாயிறு பூசை முடித்துத் திரும்பும் வழியில் கருணாரத்தினம் அடிகளார் கிளைமோர் கண்ணிவெடியில் கொல்லப்பட்டார். சனம் அவரைக் "கிளி பாதர்" என்றுதான் கூப்பிடும். உருத்திரபுரத்தில் பங்குத்தந்தையாக இருந்த சரத்ஜீவன் அடிகளார் கடைசிவரைக்கும் சனத்தோடேயே நடந்து, 2009 மே 18 அன்று மாரடைத்துச் செத்தார். அன்றைக்குத்தான் பிரான்சிஸ் ஜோசப் அடிகளார், சரணடைந்தவர்களோடு பஸ்ஸில் ஏறினார். அதற்குப் பிறகு அவரையும் காணவில்லை, அவரோடு போனவர்களையும் காணவில்லை. இதை யோசித்துப் பாருங்கள்: அந்தப் பஸ்ஸில் இருந்தவர்கள் இயக்கத்தில் இருந்தவர்கள். ஒரு குரு அவர்களுக்குப் பக்கத்தில் போய் இருந்தார். அதே இயக்கத்தில் இருந்து உயிரோடு திரும்பிவந்த ஒரு பெண், கோயிலில் வாங்கில் வந்து இருந்தால், பக்கத்தில் இருப்பவர் சேலையை ஒதுக்கிக்கொண்டு தள்ளி இருக்கிறார். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், ஒருமுறை அல்ல.

மன்னார் ஆயர் இராயப்பு யோசப்பு ஆண்டகை 2011 ஜனவரியில் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன்னால் போய், அரசாங்கத்தின் கணக்குகளையே வைத்து, 146,679 பேருக்கு என்ன நடந்தது என்று கேட்டார். அந்தத் தொகைக்குள் நல்லவர் எத்தனை, கெட்டவர் எத்தனை என்று அவர் பிரிக்கவில்லை. ஒவ்வொருவருக்கும் கணக்குக் கேட்டார். 2021 ஏப்ரல் 1ஆம் திகதி அவர் கண் மூடும்வரை அதற்குச் சரியான பதில் வரவில்லை. இப்படிப்பட்டவர்களைத் தந்த திருச்சபையில்தான், இன்றைக்கு ஒரு விதவை பொட்டு வைத்தால் அது அன்பியத்தில் பேசுபொருளாகிறது.

அன்பியம் என்றதும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஊர்க்கதைக்கு நாம் "செபக் கருத்து" என்று பெயர் வைத்திருக்கிறோம்.

ஒரு மாரி காலம். ஒரு வீட்டு விறாந்தையில் அன்பியக் கூட்டம். கதிரை காணாமல் பாய் விரித்திருந்தார்கள். வாசகம் முடிந்து மன்றாட்டு நேரம் வந்தது. ஒரு அக்கா, நல்ல மனுஷி, செத்தவீடு என்றால் முதலில் போய் நிற்பவர், தொடங்கினார்: "அந்த ஒழுங்கைப் பிள்ளைக்காகவும் செபிப்போம். காமெண்ட்ஸ் ஆடைத் தொழிற்சாலையில் வேலை முடிந்து இரவிலே யாரோ ஒரு பெடியனின் மோட்டார் சைக்கிளில் வருகிறதாம். ஆண்டவர் அந்தப் பிள்ளைக்கு நல்ல புத்தியைக் கொடுக்க வேண்டும்." எல்லாரும் ஒரே குரலில் "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றார்கள். அந்தப் பிள்ளை படியில் நின்றது. அதற்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை; செயற்கைக் கால். ஒரு கையால் தூணைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் செருப்பின் பட்டியைக் கழற்றிக்கொண்டிருந்தது. நேரம் எடுக்கும் வேலை. மன்றாட்டு முடிந்தபோது, கழற்றிய பட்டியைத் திரும்பப் பூட்டியது. அதற்கும் நேரம் எடுத்தது. பாயில் இருந்த நாங்கள் எல்லாரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அது படலையைத் திறந்து போய்விட்டது.

அந்தப் பெடியன் யார் என்று எனக்குத் தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் இல்லை. காமெண்ட்ஸ் பஸ் பிரதான வீதியில் இறக்கிவிட்டால், உள்ளே கிரவல் வீதி. வெளிச்சம் இல்லை. இருட்டினால் யானை வரும். செயற்கைக் காலோடு அந்த வீதியை நடந்து பார்த்தவர் அந்தக் கூட்டத்தில் ஒருவரும் இல்லை.

பிழை செய்கிற ஒருவரை எப்படித் திருத்துவது என்று ஆண்டவர் சொல்லாமல் போகவில்லை. மத்தேயு 18இல் படிப்படியாகச் சொல்லியிருக்கிறார். முதலில் நீயும் அவனும் தனித்திருக்கையில் போய்ப் பேசு. கேட்காவிட்டால் ஒன்றிரண்டு பேரைக் கூட்டிப் போ. அதற்குப் பிறகுதான் சபை. நாம் செய்வது தலைகீழ்: முதலில் சபை, பிறகு சந்தை, கடைசியாக, அதுவும் யாராவது சொல்லி, சம்பந்தப்பட்ட ஆளுக்குத் தெரியவரும்.

விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணின் கதையை நான் எடுத்தால், உடனே ஒருவர் "இனிப் பாவஞ்செய்யாதே என்றும் சொன்னார்தானே" என்பார். சொன்னார். எப்போது சொன்னார்? கல்லோடு வந்தவர்கள் எல்லாரும் போன பிறகு. அவளும் அவரும் மட்டும் நின்றபோது. "நானும் உன்னை ஆக்கினைக்குள்ளாகத் தீர்க்கிறதில்லை" என்று சொன்ன பிறகு. முதலில் அவளுடைய உயிரைக் காப்பாற்றினார், பிறகு அவளுடைய மானத்தைக் காப்பாற்றினார், புத்தி சொன்னது கடைசியில். நாமோ உயிரையும் மானத்தையும் விட்டுவிட்டுப் புத்தியை மட்டும் எடுத்துக்கொண்டோம். அவளோடு பிடிபட்டிருக்க வேண்டிய ஆண் எங்கே என்று வேதம் சொல்லவில்லை. நமது ஊர்களில் அந்த ஆண் எங்கே என்று எனக்குத் தெரியும். சில இடங்களில் முன் வாங்கில் இருக்கிறான். அவனுக்கு நல்ல புத்தி வேண்டி ஒரு கூட்டத்திலும் மன்றாட்டு வைத்து நான் கேட்டதில்லை. சுயாதீன சபைகளில் "சபைக்கு முன்னால் அறிக்கை செய்" என்று எழுப்பி நிறுத்தப்படுவதும் பெரும்பாலும் பெண்தான்.

இனிச் சொல்லப்போவது குறிப்பாக யாழ்ப்பாண, மன்னார் மறைமாவட்டங்களின் ஆண்டகைமாருக்கும் குருக்களுக்கும்.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் மனைவிமாரை எடுத்துக்கொள்ளுங்கள். கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20இல் உறவுகள் போராட்டம் தொடங்கினார்கள். பதில் கிடைக்காமலே எத்தனையோ தாய் தகப்பன்மார் செத்துப்போனார்கள். மனைவிமாரில் பலருக்கு அப்போது இருபது, இருபத்தைந்து வயது. மரணச் சான்றிதழ் எடு என்று அரசாங்கம் சொன்னது. எடுத்தால் தானே புருஷனைச் சாகடித்த மாதிரி என்று அவர்கள் மறுத்தார்கள். 2016இல் சட்டத்தைத் திருத்தி, காணாமற்போனவர் என்று மட்டும் உறுதிப்படுத்தும் ஒரு சான்றிதழுக்கு வழி செய்தார்கள். காணி, வங்கி அலுவல்களுக்கு அது உதவும். மறுமணத்துக்கு உதவாது. இதற்கிடையில் வாழ்க்கை நிற்கிறதா? பிள்ளைகளை வளர்க்க வேண்டும், வளவுக்கு வேலி அடைக்க வேண்டும், ராத்திரியில் பயமில்லாமல் படுக்க வேண்டும். சிலர் துணை ஒன்றைத் தேடிக்கொண்டார்கள். அன்றிலிருந்து நற்கருணைக்கு வரிசையில் வர முடியாமல், எல்லாரும் எழும்பிப் போகும்போது வாங்கில் தனியே இருக்கிறார்கள். ஒவ்வொரு ஞாயிறும் ஊருக்கு முன்னால் அப்படி இருப்பது எப்படிப்பட்டது என்று எண்ணிப் பாருங்கள். அவர்கள் ஏன் பிந்தி வந்து முந்திப் போகிறார்கள் என்பது அப்போது விளங்கும்.

திருச்சபைச் சட்டத்தில் இதற்கு ஒரு வழி உண்டு. 1707ஆம் இலக்கச் சட்டம். மரணத்தை ஆவணத்தால் நிரூபிக்க முடியாத இடத்தில், சாட்சிகளையும் சூழ்நிலையையும் விசாரித்து, துணைவர் இறந்திருக்க வேண்டும் என்று ஆயர் அறிக்கையிடலாம். வெறுமனே நீண்ட காலம் காணவில்லை என்பது போதாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. சிக்கலான சந்தர்ப்பங்களில் உரோமாபுரியைக் கேட்கச் சொல்கிறது. முள்ளிவாய்க்காலைவிடச் சிக்கலான சந்தர்ப்பம் எது? விரும்பாத ஒருத்தியையும் இதற்குள் இழுக்க வேண்டாம். அவர் வருவார் என்று காத்திருப்பவள் காத்திருக்கட்டும், அந்த நம்பிக்கையைத் தொடவும் கூடாது. ஆனால் விரும்புகிறவளுக்கு இப்படி ஒரு கதவு இருக்கிறது என்றாவது யாராவது சொல்ல வேண்டாமா? நான் கேட்ட அளவில், இந்தச் சட்டத்தைப் பற்றி ஒரு பெண்ணுக்கும் யாரும் சொல்லவில்லை. சொல்லியது எல்லாம் "உங்களுக்கு நற்கருணை இல்லை" என்பது மட்டும்தான்.

அவர்களுடைய பிள்ளைகளின் கதை இதைவிடக் கொடுமை. "முதலில் கோயிலில் கல்யாணத்தை முடியுங்கள், பிறகு ஞானஸ்நானத்தைப் பார்ப்போம்" என்று கைக்குழந்தையோடு திருப்பி அனுப்பப்பட்ட தாயோடு நான் கதைத்திருக்கிறேன். 868ஆம் சட்டம் கேட்பது பெற்றோரின் சம்மதத்தையும், பிள்ளை விசுவாசத்தில் வளரும் என்ற நம்பிக்கையையும். பெற்றோரின் கல்யாணச் சான்றிதழை அது கேட்கவில்லை. திருத்தந்தை பிரான்சிஸ் 2014 ஜனவரியில் சிஸ்டைன் சிற்றாலயத்தில், கோயிலில் கல்யாணம் முடிக்காத ஒரு தம்பதியின் பிள்ளைக்கும் தாமே ஞானஸ்நானம் கொடுத்தார். அடுத்த வருடம் ஜனவரி 14இல் அவர் மடுவுக்கு வந்தபோது நாமெல்லாம் பஸ் பிடித்துப் போய் வெயிலில் நின்று கொடி ஆட்டினோம். சரி, அவர் செய்ததை நமது பங்கில் செய்ய என்ன தடை?

செத்தவர்களையும் நாம் விடவில்லை என்பதையும் எழுதத்தான் வேண்டும். நுண்கடன் எப்படி வன்னிக்குள் வந்தது என்று உங்களுக்குத் தெரியும். யுத்தம் முடிந்த கையோடு வீதிக்கு வீதி கம்பனிகள் வந்தன. பிணைக்குக் காணி கேட்கவில்லை, ஐந்து பெண்கள் ஒருவருக்கொருவர் கையெழுத்து வைத்தால் போதும் என்றார்கள். ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன், அதைக் கட்ட மூன்றாவது. நிலைமை எவ்வளவு மோசம் என்றால், 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட பெண்களின் கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசாங்கமே இறங்கி வந்தது. அந்த நெருக்கடியில் தங்கள் உயிரை மாய்த்துக்கொண்ட பெண்கள் இருக்கிறார்கள். அப்படி ஒரு தாயின் அடக்கத்துக்கு நான் போயிருந்தேன். எந்தப் பங்கு என்று சொல்ல மாட்டேன். பெட்டியைக் கோயிலுக்குள் கொண்டுபோகவில்லை; வீட்டிலிருந்து நேரே சேமக்காலைக்குக் கொண்டுபோனார்கள். கோயிலடியால் போகும்போது துக்கமணி அடிக்கவில்லை. மூத்த மகன், பள்ளிக்கூடம் முடிக்காத பெடியன், பெட்டியை விட்டுவிட்டு மணிக்கூண்டடிக்கு ஓடினான். கதவு பூட்டியிருந்தது. கொஞ்ச நேரம் பூட்டை இழுத்துப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு யாரோ பெரியவர் போய்த் தோளைப் பிடித்துக் கூட்டிவந்தார். "சட்டம் அப்படி, என்ன செய்வது" என்று பின்னால் வந்தவர்கள் பேசிக்கொண்டார்கள்.

சட்டம் அப்படி இல்லை. 1917ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பில் அப்படி இருந்தது. 1983இல் வந்த புதிய தொகுப்பில் அது எடுக்கப்பட்டுவிட்டது. அடக்கச் சடங்கு மறுக்கப்பட வேண்டியவர்கள் யார் என்று சொல்லும் 1184ஆம் சட்டத்தில் தற்கொலை என்ற பேச்சே இல்லை. கத்தோலிக்க மறைக்கல்வி ஏடும், கடுமையான மன உளைச்சலும் பயமும் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கும் என்றும், அவர்களுடைய மீட்பைப் பற்றி நம்பிக்கை இழக்கக் கூடாது என்றும், திருச்சபை அவர்களுக்காகச் செபிக்கிறது என்றும் சொல்கிறது. இதைத்தான் நான் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். படித்த பிள்ளை கேட்கிறது, "அப்படியென்றால் ஏன் ரீச்சர் மணி அடிக்கவில்லை?" அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்.

சாதியின் பேரிலும், 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து இங்கே காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்களை இன்றும் "அந்தப் பக்கத்து ஆட்கள்" என்று ஒதுக்குவதிலும் இதே நோய்தான் இருக்கிறது. அதற்குத் தனி மடல் வேண்டும்.

"இப்படி எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்தால் பிள்ளைகள் கெட்டுப்போகாதா?" என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். நியாயமான பயம். கசிப்பும் ஐஸ் போதைப்பொருளும் பள்ளிக்கூட வாசல்வரை வந்துவிட்ட காலம். என் வகுப்புப் பிள்ளைகளை நினைத்து நானும் பயப்படுகிறேன். பாவத்தைப் பாவம் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. மனைவியை அடிக்கிறவனிடம் அது பாவம் என்று முகத்துக்கு நேரே சொல்லுங்கள். ஏமாற்றிவிட்டுப் போனவனைத் தேடிப்போய்ப் பிள்ளைக்குச் செலவு கட்டச் சொல்லுங்கள். வட்டிக்குக் கொடுத்து ஏழையின் நகையை விழுங்குகிறவனிடம் திருவிழாவுக்குக் காசு வாங்காதீர்கள். நமது கண்டிப்பு ஏன் எப்போதும் கீழ்நோக்கியே பாய்கிறது என்பதுதான் என் கேள்வி. இயேசு கடுமையாகப் பேசினார். மத்தேயு 23 முழுவதும் அந்தக் கடுமைதான். சுமப்பதற்கரிய பாரங்களைக் கட்டி மனுஷர் தோளில் வைத்துவிட்டு, தங்கள் விரலாலும் அவைகளைத் தொடாதவர்கள் என்று அவர் சொன்னது தெருவில் நின்ற பெண்களை அல்ல. வேதம் படித்தவர்களை. பிள்ளைகள் நம்மிடமிருந்து எதைக் கற்றுக்கொள்ளும்? செயற்கைக் காலோடு வந்த ஒருத்தி படியிலிருந்து திரும்பிப் போவதைப் பார்த்த பிள்ளை, கற்பைப் பற்றி ஒன்றும் கற்றுக்கொள்ளாது. தனக்கு ஒரு பிழை நடந்தால் இங்கே வரக் கூடாது என்பதைக் கற்றுக்கொள்ளும்.

யோபுவின் சிநேகிதர் மூவரும் முதலில் சரியான வேலையைத்தான் செய்தார்கள். ஏழு பகலும் ஏழு இரவும் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். துக்கம் மகா கொடியது என்று கண்டு ஒரு வார்த்தையும் பேசவில்லை. பிறகு வாயைத் திறந்தார்கள். நீ பாவம் செய்திருப்பாய், உன் பிள்ளைகள் செய்திருப்பார்கள் என்று அத்தியாயம் அத்தியாயமாய்க் கடவுளுக்காக வழக்காடினார்கள். கடைசியில் கடவுள் யாரைக் கோபித்தார்? தம்மோடு சண்டை பிடித்த யோபுவை அல்ல. தமக்காகப் பேசியதாய் நினைத்த இவர்களை. அவர்களுக்காக யோபுதான் மன்றாட வேண்டியிருந்தது. நம் சபைகளுக்காக மன்றாட வேண்டியவர்கள் வீட்டில் இருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆகவே கேட்கிறேன். ஆண்டகைமாரே, 1707ஆம் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்க விரும்பும் பெண்களுக்கு உதவ, கிளிநொச்சியிலோ புதுக்குடியிருப்பிலோ மாதம் ஒரு நாளாவது உங்கள் மறைமாவட்ட நீதிமன்றத்திலிருந்து ஒரு குருவை அனுப்புங்கள். யாழ்ப்பாணத்துக்குப் பஸ் ஏறி வர அவர்களிடம் காசும் இல்லை, ஒரு நாள் கூலியை விட வசதியும் இல்லை. கூடவே ஒரு கன்னியாஸ்திரியோ அனுபவமுள்ள ஒரு பெண்ணோ இருந்தால், அவர்கள் வாய் திறந்து கதைப்பார்கள். பங்குத்தந்தையரே, ஞானஸ்நானம் கேட்டு வரும் தாயைத் திருப்பி அனுப்பாதீர்கள். அடக்கத்துக்கு மணி அடிப்பதா இல்லையா என்பதை மூப்பர் தீர்மானிக்க விடாதீர்கள். போதகர்களே, பாஸ்டர்மாரே, முள்ளிவாய்க்காலைத் தண்டனை என்று உங்கள் சபையில் யாரும், வெளியிலிருந்து வரும் விருந்தினர் ஊழியர் உட்பட, பிரசங்கிக்க இடம் கொடுக்காதீர்கள். யாராவது பிரசங்கித்தால் அன்றைக்கே, அதே மேடையில், லூக்கா 13ஐ வாசியுங்கள். அக்காமாரே, செபக் கருத்துச் சொல்லும்போது ஆளையும் ஒழுங்கையையும் சொல்லாதீர்கள். ஆண்டவருக்கு விலாசம் தெரியும்.

விலகிப்போனவர்களை ஒரு முறை போய்ப் பாருங்கள். போகும்போது துண்டுப் பிரசுரம் கொண்டுபோக வேண்டாம். "ஏன் வருவதில்லை" என்று கேட்கவும் வேண்டாம். அரிசியோ தேங்காயோ ஏதாவது கையில் கொண்டுபோய்க் கொடுத்து, பிள்ளையின் படிப்பைப் பற்றிக் கதைத்துவிட்டு வாருங்கள். அவர்கள் கதைக்கத் தொடங்கினால் கேளுங்கள், இடையில் வசனம் சொல்லாமல்.

இந்த மடலைக் கூட்டங்களில் வாசிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். இதில் வருகிற பெண்களும் அந்தப் பெடியனும் யார், எந்த ஊர் என்று ஊகிக்க முயல வேண்டாம். அடையாளம் தெரியக்கூடிய விபரங்களை நான் எழுதவில்லை. உங்களுக்கு யாரோ ஒருவரின் முகம் ஞாபகத்துக்கு வந்தால், கூட்டத்தில் அவருடைய பெயரைச் சொல்லாமல், அடுத்த நாள் அவர் வீட்டுக்குப் போங்கள்.

கிறிஸ்துவின் அன்பில்,
கிளிநொச்சி மாவட்டத்திலிருந்து
ஒரு மறைக்கல்வி ஆசிரியை